பொங்கலும் ஓர் அப்பாவி அணிலும்

நான் மின்கம்பம் ஏறிப் பிழைத்தவன் என்று தெரிந்ததும் மொன்றியலில் எவரும் என்னிடம் கேட்பது தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஐஸ் புயலைப் பற்றித்தான். இரும்புக் கோபுரங்கள் வரிசையாக மடிந்து விழுந்ததைச் சொல்லுங்கள், வாரக்கணக்கில் சனம் இருட்டில் கிடந்ததைச் சொல்லுங்கள் என்பார்கள். எனக்கு அலுத்துப்போய்விட்டது. அந்தப் புயலின்போது நான் வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. மற்றவர்கள் மேலே நின்று வேலை செய்ய, நான் கீழே நின்று கயிறு பிடித்தேன். கயிறு பிடித்தவனிடம் போர்க்கதை கேட்டால் என்ன கிடைக்கும்?

நான் உண்மையிலேயே நடுங்கியது அதற்குச் சில வருடங்களுக்குப் பிறகு, ஒரு தைப்பொங்கல் காலையில். புயலும் இல்லை, ஐஸும் இல்லை. வானம் துப்புரவாக இருந்தது. குளிர் மட்டும் சுழியத்துக்குக் கீழே முப்பது பாகை.

அதை இப்போது எழுத வைத்தது என் கைத்தொலைபேசிக்கு வந்த ஒரு செய்தி. இந்த வருடம் பொங்கலுக்கு முதல் நாள், நான் முன்பு வேலை செய்த அதே நிறுவனம் அனுப்பியிருந்தது. நாளை காலை ஆறு மணி தொடக்கம் ஒன்பது மணிவரை கடுங்குளிர், அந்த நேரத்தில் அடுப்பையும் சலவை இயந்திரத்தையும் பாவிக்காமல் ஒத்துழையுங்கள் என்று மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார்கள். மனைவி வசந்தி அதை வாங்கி வாசித்துவிட்டுச் சிரித்தாள்.

"இப்பதான் உவைக்கு விளங்கியிருக்கு. நாங்கள் அப்பவே செய்தனாங்கள். அதுவும் ஐயரை வைச்சு."

இன்றைய இளம் பொறியியலாளர்கள் இதைப் புதிய கண்டுபிடிப்பு என்று மேடை போட்டுப் பேசுகிறார்கள். பேசட்டும். மொன்றியலில் எங்கள் சனம் கூடி வாழும் பார்க் எக்ஸ்டென்ஷனில், வீடுகளின் பின்பக்கச் சந்தான ஓர் ஒழுங்கையில் இது இரண்டாயிரங்களிலேயே நடந்து முடிந்த கதை.

என் படிப்புக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி தூக்கினேன். மாலையில் பிரெஞ்சு படித்தேன். பெட்டி தூக்கி இடுப்புப் பிடித்ததும், கம்பம் ஏறும் தொழிலுக்கான பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். யாழ்ப்பாணத்தில் ஒரு கொய்யா மரத்தில்கூட ஏறியிராத நான், சப்பாத்தில் இரும்பு முள்ளைக் கட்டிக்கொண்டு ஏறக் கற்றேன். இறங்கக் கற்க இன்னும் கொஞ்சக் காலம் பிடித்தது.

பள்ளிக்கூடம் கற்றுத் தராததை எல்லாம் எனக்குக் காட்டியவர் என் மேலாளர் ரெஜான். கெஸ்பே பக்கத்து மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். உயரம், மெலிவு, குளிரில் எப்போதும் ஈரமாக இருக்கும் மீசை. எது நடந்தாலும் அவர் வாயிலிருந்து வருவது "சே கொரெக்" என்ற ஒரே வார்த்தைதான். பரவாயில்லை, எல்லாம் சரி என்று பொருள். கம்பம் முறிந்தாலும் சே கொரெக். வண்டி பனியில் புதைந்தாலும் சே கொரெக். அவருடைய மனைவி வீட்டை விட்டுப் போனதைச் சொன்னபோதும் அதே வார்த்தையைச் சொல்லிவிட்டு, சாண்ட்விச்சைப் பிரித்துச் சாப்பிட்டார்.

மனிதர்கள் எல்லோரையும், பெரிய அதிகாரிகளைக்கூட, ரெஜான் 'நீ' என்றுதான் கூப்பிடுவார். மின்மாற்றியை மட்டும் 'நீங்கள்' என்பார். மின்மாற்றி என்றால் கம்பத்தின் மேலே தொங்கும் அந்தச் சாம்பல் நிற வாளி. பத்துப் பதினைந்து வீடுகளுக்கு அதுதான் மின்சாரத்தை இறக்கிக் கொடுக்கும். அதற்கு மேலே ஒரு குழாய்க்குள் பியூஸ் இருக்கும். சுமை கூடினால் பியூஸ் எரிந்து, குழாய் தானாகவே கழன்று தலைகீழாகத் தொங்கும். கீழே இருந்தே தெரியும்.

அதைத் திருப்பி மாட்டுவதற்கு ரெஜான் ஒரு சடங்கு வைத்திருந்தார். முதலில் எதையும் தொடக்கூடாது. ஒழுங்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து, கம்பியில் மரக்கிளை விழுந்திருக்கிறதா, அணில் கருகிக் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு குழாயை இறக்கிப் புதிய பியூஸ் போட வேண்டும். பிறகு நீளத் தடியின் நுனியில் குழாயைக் கொளுவி, ஆளை மேலே தூக்கிவிடும் வாளி வண்டியில் ஏறி நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரே தள்ளில் பூட்ட வேண்டும். தயங்கித் தயங்கித் தள்ளினால் தீப்பொறி கையைத் தேடி வரும். தள்ளுவதற்கு முன் ரெஜான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மிஸ்யூ, நீங்கள் அனுமதித்தால்" என்பார். மிஸ்யூ என்றால் பிரெஞ்சில் ஐயா. அனுமதிக்காத மிஸ்யூ துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தத்தில் பதில் சொல்வார்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒழுங்கையிலும் அப்படி ஒரு மிஸ்யூ தொங்கினார். மொன்றியலின் பழைய மாடி வீடுகளில் சமையலறை பின்பக்கம்தான். ஒழுங்கையின் இரண்டு பக்கமும் சமையலறைகள், வளைந்து இறங்கும் இரும்புப் படிகள், நடுவே ஒரு கம்பம். வீடுகளில் ஏறக்குறைய எல்லாமே எங்கள் சனம். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மன்னார். சைவர்களும், வேதக்காரர் என்று நாங்கள் சொல்லும் கத்தோலிக்கர்களும் கலந்து இருந்தார்கள். சூடாக்குவதும் மின்சாரம், சமைப்பதும் மின்சாரம்.

நான் நடுங்கிய பொங்கலுக்கு முந்தைய வருடமும் பொங்கலன்று அந்தப் பியூஸ் போனது. நான் வேறொரு பகுதியில் வேலையில் நின்றேன். ரெஜான் போய் மாட்டினார், வெடித்தது. திரும்ப மாட்டினார், வெடித்தது. மூன்றாம் தரம் நின்றது. ஏன் போனது என்றும் தெரியாது, ஏன் நின்றது என்றும் தெரியாது. அறிக்கையில் காரணத்துக்கான இடத்தில் 'அணில்' என்று குறித்தார்.

"அணிலைக் கண்டீர்களா?" என்று கேட்டேன்.

"இல்லை."

"முப்பது பாகைக் குளிரில் அணில் வெளியில் வராதே."

"வந்தது. வேலையை முடித்தது. போய்விட்டது. கெட்டிக்கார அணில். சே கொரெக்."

ஆனால் துணைமின் நிலையத்தின் பதிவில் எங்கள் பகுதியில் அன்று காலை மின்சுமை ஊசி மாதிரி ஏறி இறங்கியிருந்தது. அதைப் பார்த்த தலைமையகப் பரிசோதகர் ஒருவருக்குக் கஞ்சா வாசம் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் இங்கே வீட்டுக்குள் விளக்குப் போட்டுக் கஞ்சா வளர்ப்பவர்கள் அதிகம், திருட்டு மின்சாரமும் அதிகம்.

"ஒரு மணித்தியாலம் மட்டும் கஞ்சா வளர்ப்பவனை நான் கண்டதில்லை" என்றார் ரெஜான்.

"அதனால்தான் எனக்குச் சந்தேகம்" என்றார் பரிசோதகர்.

அடுத்த வருடம், பொங்கலுக்கு முதல் நாள் மத்தியானம், அவர் எங்கள் ஒழுங்கைக்கு வந்தார். அன்று எனக்கு விடுமுறை. சமையலறை யன்னலுக்கு வெளியே ஒரு முகம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டு வசந்தி அலறினாள். கதவைத் திறந்தேன். பரிசோதகர் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டே என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். உள்ளே, சுவரோடு சாய்ந்தபடி, தலையில் பச்சை இலையோடு, ஆளுயரத்துக்கு மேல் ஆறேழு தண்டுகள் நின்றன.

"இது என்ன செடி?" என்றார். குரலில் வெற்றி.

"கரும்பு. ஜான்-டலோன் சந்தையில் வாங்கியது."

"வேர் எங்கே?"

"வெட்டிய கரும்புக்கு ஏது வேர்?"

நாங்கள் பிரெஞ்சில் பேசியது வசந்திக்கு அரைகுறையாகத்தான் விளங்கியது. கரும்பு கேட்டு வந்த மனிதர் என்று நினைத்துவிட்டாள்.

"பாவம், ஆசையாக் கேக்கிறார். ஒரு துண்டு வெட்டிக் குடுங்கோவன்."

தோல் சீவி ஒரு துண்டை அவர் கையில் வைத்தேன். தடயப் பொருள் போல முதலில் முகர்ந்தார். பிறகு கடித்தார். கடித்ததைத் துப்ப வேண்டும் என்று நான் சொல்வதற்குள் சக்கையை விழுங்கிவிட்டார். அதன் பிறகு அவர் எங்கள் ஒழுங்கைப் பக்கம் வந்ததாக நினைவில்லை.

மறுநாள் பொங்கல். எனக்குக் காலை வேலை. அன்று எங்கள் சமையலறைக் கலண்டரில் ராகுகாலம் காலை ஏழரையிலிருந்து ஒன்பதுவரை. ஆகவே ஏழரைக்கு முன்னரே பால் பொங்கிவிட வேண்டும் என்று வசந்தி முதல் நாளே அறிவித்திருந்தாள். நான் தலையாட்டிவிட்டு வேலைக்குப் போனேன். இதே கலண்டர் ஒழுங்கையின் எல்லாச் சைவ வீடுகளிலும் தொங்குகிறது என்பது என் மண்டையில் ஏறவில்லை.

ஏழேகாலுக்கு அழைப்பு வந்தது. எங்கள் ஒழுங்கை. நானும் ரெஜானும் போய் இறங்கியபோது குழாய் தலைகீழாகத் தொங்கியது. மூக்கு மயிர் உறைந்து குத்தியது. ரெஜான் சடங்குப்படி ஒழுங்கையை நடந்து முடித்தார். கிளை இல்லை, அணிலும் இல்லை. தொண்டையைச் செருமினார். மிஸ்யூவிடம் அனுமதி கேட்டார். தள்ளினார். ஒழுங்கை முழுவதும் அதிர வெடித்தது.

இதற்கு ஒரு காரணம் எங்களுக்குத் தெரியும். கடுங்குளிரில் மின்சாரம் போய்க் கொஞ்ச நேரமானால் எல்லா வீடும் ஒரே மாதிரிக் குளிர்ந்துவிடும். மின்சாரம் திரும்பி வரும்போது எல்லா ஹீட்டர்களும் ஒரே நொடியில் பசியோடு எழும்பும். அந்தச் சுமையைப் பியூஸ் தாங்காது. ஆகவே வீடு வீடாகப் போய் ஹீட்டரை நிப்பாட்டச் சொல்ல வேண்டும். போனேன். எல்லோரும் ஏற்கெனவே நிப்பாட்டியிருந்தார்கள். எங்கள் சனத்துக்கு ஹீட்டரை நிப்பாட்டச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? மின்சாரம் இருக்கும்போதே பாதிப் பேர் நிப்பாட்டித்தான் வைத்திருப்பார்கள்.

ரெஜான் இரண்டாம் பியூஸைப் போட்டார். அதுவும் வெடித்தது.

அப்போதுதான் எதிர்ப் பக்கத்து மாடிப்படியில் ரோசா அக்கா வந்து நின்றாள். மன்னார்ப் பெண். கணவர் மரியநாயகம் மாஸ்டர், மன்னாரில் கணிதம் படிப்பித்தவர். நுரையீரல் பழுதாகி, வீட்டிலேயே ஒட்சிசன் மெசினோடு இருப்பவர். மூக்கில் குழாய் இல்லாமல் அவரால் கட்டிலிலிருந்து கதவுவரை நடக்க முடியாது. ரோசா அக்கா மேல்கோட்டுக்கூடப் போடவில்லை.

"தம்பி சிவா, மாஸ்டரின்ர மெசின் நிண்டு போச்சு. சிலிண்டரில மாட்டியிருக்கிறன். முள்ளு பாதிக்குக் கீழ வந்திட்டுது."

"அம்புலன்சுக்கு அடிச்சனீங்களோ அக்கா?"

"அடிச்சனான். ரோட்டெல்லாம் சறுக்குதாம், பிந்துமாம். வந்தாலும் இந்த மனுசன் போகமாட்டாராம். அடுப்பில வைச்ச பால் பொங்காமல் படி இறங்க மாட்டாராம். நீங்கள் வந்து சொல்லிப்பாருங்கோ."

உள்ளே போனேன். சமையலறையில் பானை, சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் கட்டிலில் மாஸ்டர். உதடு நீலம் பாரித்திருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கினார்.

"தம்பி... பொங்கல் பானையை... அரைவாசியில விட்டிட்டு... ஆசுபத்திரிக்குப் போறதோ? நீ போய்... கறண்டைக் குடு."

கீழே ஓடிவந்து ரெஜானிடம் சொன்னேன். அவர் வண்டிக்குள் பார்த்துவிட்டு வந்தார். அந்த அளவுப் பியூஸ் வண்டியில் ஒன்றுதான் மிச்சம். மற்றவற்றுக்குக் கிடங்குக்குப் போய்வர வேண்டும். அவர் சே கொரெக் சொல்லவில்லை. அவரோடு வேலை செய்த காலத்தில் அதைச் சொல்லாமல் விட்டது அன்று மட்டும்தான்.

என் விரல்களில் உணர்ச்சி போயிருந்தது. உணர்ச்சியில்லாத விரலோடு கடைசிப் பியூஸைத் தொடக்கூடாது. சூடு பிடிக்க என் வீட்டுச் சமையலறைக்குள் ஓடினேன். வசந்தி பட்டுச் சேலைக்கு மேல் குளிர் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, பானைக்கு முன்னால் காவலுக்கு நின்றாள். அடுப்பைப் பார்த்தேன். நாலு சூட்டு வட்டத்திலும் ஏதோ ஒரு பாத்திரம், நாலு திருகுகளும் முழுச் சூட்டில் இருந்தன.

"இதென்ன வசந்தி? அடுப்பை நிப்பாட்டேல்லையோ?"

"ஏன் நிப்பாட்டுவான்?"

"எல்லாத்தையும் நிப்பாட்டச் சொல்லி வீடு வீடாய்ச் சொன்னனானெல்லோ?"

"ஹீட்டரை எண்டுதானே சொன்னனீங்கள். அடுப்பைப் பற்றி ஆர் கதைச்சது?"

"இப்ப சொல்லுறன். நிப்பாட்டும்."

வசந்தி என்னைப் பார்த்த பார்வையில் மின்சாரம் இருந்தது.

"ராகுகாலத்துக்கு முதல் ஏத்தின பானையப்பா. இந்தத் திருகு இப்பிடியே நிண்டால்தான் அப்ப தொடங்கின கணக்கு. இப்ப நிப்பாட்டிப்போட்டுப் பேந்து போட்டால், ராகுகாலத்தில மூட்டின அடுப்பெல்லோ? வருசம் முழுக்க ஆர் அனுபவிக்கிறது?"

"மற்ற வீடுகளிலும் இப்பிடியோ?"

"பின்ன? எல்லாரும் போனில கதைச்சுத்தானே வைச்சிருக்கிறம்."

ஹீட்டரை நிப்பாட்டிவிட்டு அடுப்பை முழுச் சூட்டில் வைத்துக்கொண்டு ஓர் ஒழுங்கை முழுவதும் காத்திருந்தது. இதற்கு எந்தப் பியூஸ் நிற்கும்? அணிலை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது.

மாஸ்டரின் நிலையைச் சொன்னேன். வசந்தியின் முகம் மாறியது. கை திருகுவரை போனது. பிறகு நின்றது.

"கீழ்வீட்டுப் பத்மாவும் நிப்பாட்டினால் நானும் நிப்பாட்டுறன்."

பத்மாவிடம் ஓடினேன். வசந்தி அக்கா நிப்பாட்டட்டும் என்றாள். அதற்கடுத்த வீட்டில், பத்மா நிப்பாட்டினால் பார்ப்போம் என்றார்கள். யாரும் மாஸ்டருக்குக் கெடுதல் நினைக்கவில்லை. எல்லோரும் அழுகிற நிலையில்தான் இருந்தார்கள். ஆனால் ராகுவை முதலில் வீட்டுக்குள் கூப்பிட ஒருவருக்கும் துணிவு வரவில்லை. எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அந்த ஆத்திரத்தில்தான் கோயில் ஐயருக்குப் போன் அடித்தேன்.

பின்னால் மணிச் சத்தம். ஐயர் கத்திப் பேசினார். நானும் கத்தினேன். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"சிவா, அடுப்பில இப்ப நெருப்பு இருக்கோ?"

"இல்லை ஐயா. கறண்டே இல்லை."

"அப்ப அடுப்பு எப்பவோ அணைஞ்சு போச்சு. அவை இப்ப திருகிறது வெறும் பிளாஸ்டிக். பிளாஸ்டிக்குக்கு ராகுகாலம் இல்லையெண்டு சொல்லும். பானை அப்பிடியே இருக்கட்டும். ஒன்பதுக்குப் பிறகு நல்ல நேரம். அப்ப புதுசா மூட்டச் சொல்லும்."

"ரோசா அக்கா வீடு ஐயா? மாஸ்டர் பால் பொங்காமல் அசையமாட்டன் எண்டுறார்."

"அவை வேதக்காரரெல்லோ? அவைக்கு என்ன ராகு? முதல்ல அவை பொங்கட்டும். வேதக்கார வீடெல்லாம் ராகுகாலத்தில பொங்கட்டும், எங்கட ஆக்கள் அது முடியப் பொங்கட்டும். உமக்கும் சுமை குறையுமெல்லோ?"

தலைமையகத்தில் பத்துப் பேர் கூடி யோசித்தாலும் இவ்வளவு அழகாகச் சுமையைப் பிரித்திருக்க மாட்டார்கள். ரெஜானிடம் ஓடிப்போய்ப் பிரெஞ்சில் சொன்னேன். அவர் மிகவும் கவனமாகக் கேட்டார்.

"இந்த ராகு யார்?"

"சூரியனை விழுங்க வருகிற பாம்பு."

"எத்தனை மணிவரை?"

"ஒன்பது."

"கத்தோலிக்கரை ஒன்றும் செய்யாதா?"

"செய்யாது."

ரெஜான் மீசையில் இருந்த பனியைத் துடைத்தார். "என் வேலைக்காலத்தில் இவ்வளவு ஒழுங்காக வேலை செய்கிற ஒருவரை நான் சந்தித்ததில்லை" என்றார்.

நான் ஒரு பக்கமும் அவர் மறுபக்கமும் படியேறினோம். நான் ஐயரின் தீர்ப்பைச் சொன்னேன். ரெஜானுக்குத் தமிழ் தெரியாது. ஒவ்வொரு சமையலறைக்குள்ளும் போய், அடுப்புக்கு முன்னால் தலையைக் குனிந்து, திருகை விரலால் காட்டி, "ஐயர்" என்று மட்டும் சொன்னார். ஆறடி உயர வெள்ளைக்காரர் ஐயர் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்து நின்றால் யாரால் மறுக்க முடியும்? திருகுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ரோசா அக்கா வீட்டில் மட்டும் மெசினும் ஓர் அடுப்பு வட்டமும் போட்டபடி இருந்தன.

ரெஜான் வாளி வண்டியில் ஏறினார். படிகளில் சனம் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றது. தொண்டையைச் செருமினார். வழக்கமான வசனத்தோடு அன்று இன்னொன்றையும் சேர்த்தார். "மிஸ்யூ, மேலே ஒரு மனிதர் மூச்சுக்காகக் காத்திருக்கிறார். நீங்கள் அனுமதித்தால்." முகத்தைத் திருப்பித் தள்ளினார்.

வெடிக்கவில்லை. தேனீ மாதிரி ஒரு முனகல் மட்டும் கேட்டது. நான் ரோசா அக்கா வீட்டுப் படியில் இரண்டிரண்டாக ஏறினேன். மெசின் இயங்கத் தொடங்கியிருந்தது. சிலிண்டரின் முள் சிவப்புக்குள் படுத்திருந்தது. மாஸ்டரின் மூக்கில் குழாயை மாற்றிவிட்டு ரோசா அக்கா அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தாள். நான் சுவரோடு சாய்ந்து நின்றேன். கால் நடுங்கியது. குளிரால் இல்லை.

கொஞ்ச நேரத்தில் மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் சுர் என்று ஒரு சத்தம். பால் பொங்கிச் சூடான வட்டத்தில் வழிந்து புகைந்தது. உடனே புகை அலாரம் கத்தத் தொடங்கியது. ரோசா அக்கா புகை போகப் பின்கதவைத் திறந்துவிட்டாள். அலாரச் சத்தம் ஒழுங்கை முழுவதும் பாய்ந்தது. படிகளில் நின்ற சனம் "பொங்கலோ பொங்கல்" என்று கத்தியது. ஊரில் வெடி கொளுத்துவோம். இங்கே அலாரம்.

மாஸ்டர் கண்ணைத் திறந்தார். உதட்டில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது.

"எந்தப் பக்கம்... பொங்கி வழிஞ்சது?"

"கிழக்கு" என்றாள் ரோசா அக்கா. பால் வழிந்தபோது அவள் சமையலறையிலேயே இருக்கவில்லை.

அம்புலன்ஸ்காரர் இருவர் வந்து சேர்ந்தபோது மற்ற வேதக்கார வீடுகளும் பொங்கி முடிந்திருந்தன. அவர்கள் மாஸ்டரைச் சோதித்து, பரவாயில்லை என்று சொல்லி, படியில் உட்கார்ந்து கையுறையோடு சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டார்கள். ஒன்பது மணிக்குப் பாம்பு போனது. சைவ வீடுகள் மேல்மாடி முதலில், கீழ்மாடி பிறகு என்று ஒவ்வொன்றாக மூட்டின. ரெஜான் கம்பத்தின் கீழே நின்று, ஒவ்வோர் அலாரச் சத்தத்துக்கும் ஒரு தரம் தலையாட்டினார்.

வண்டிக்குள் இருந்து அறிக்கை எழுதினார். மின்தடைக்கான காரணங்கள் அதில் ஏற்கெனவே அச்சடித்திருக்கும், ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். மரம், பனிக்கட்டி, வாகனம், அணில். பால் என்று ஒன்று இல்லை. ராகு என்றும் இல்லை. பேனா நுனியை வரிசையில் மேலும் கீழுமாக ஓட்டினார். பிறகு அணிலைத் தெரிவுசெய்தார்.

"சே கொரெக்" என்றார்.

ஒரே இடத்தில், ஒரே நாளில், இரண்டு வருடம் அணில். தலைமையகம் அதை மிகவும் கடுமையாக எடுத்துக்கொண்டது. கோடையில் ஒரு குழுவை அனுப்பி, எங்கள் ஒழுங்கையின் கம்பங்கள் எல்லாவற்றிலும் அணில் ஏறாத பிளாஸ்டிக் தடுப்புகளைப் பூட்டியது. அணில்கள் அதில் உட்கார்ந்து இளைப்பாறின. பெரிய மின்மாற்றி வந்து சேர இன்னும் சில வருடம் ஆனது. அதுவும் ரெஜான் ஓய்வுபெறும்போது பிடிவாதமாகக் கேட்டுவிட்டுப் போனதால்தான்.

பெரிய மின்மாற்றி வந்த பிறகு முறை வைத்துப் பொங்க வேண்டிய அவசியம் இல்லை. எல்லா வீடும் ஒரே நேரத்தில் நாலு வட்டத்தையும் போட்டாலும் அது தாங்கும். இதை நானே படிப்படியாக ஏறி விளங்கப்படுத்தினேன். ஒருவரும் கேட்கவில்லை. முதலில் ரோசா அக்கா, பிறகு வேதக்கார வீடுகள், பிறகு சைவ வீடுகள். புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு, இந்த ஒழுங்கையில் அப்படித்தான் வழக்கம் என்று சொல்லிவிடுகிறார்கள். ஆதியிலிருந்து வந்த சம்பிரதாயம் என்று போன வருடம் பத்மாவின் மருமகன் எனக்கே சொன்னான்.

மாஸ்டர் அதன்பின் இன்னும் சில பொங்கல் பார்த்தார். பிறகு ஒரு சித்திரையில், பனி உருகிய பிறகு, போனார். ரோசா அக்கா அதே வீட்டில் தனியாக இருக்கிறாள். இப்போது ஊன்றுகோல் பிடித்துத்தான் நடக்கிறாள்.

இந்த வருடப் பொங்கலன்று, கைத்தொலைபேசி சொன்னபடியே, முப்பது பாகைக் குளிர். வசந்தி பானையைத் துடைத்துப் பாலை ஊற்றி அடுப்பில் ஏற்றிவிட்டு, திருகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். நான் பின்கதவை ஒரு கீறல் திறந்து, ரோசா அக்கா வீட்டு அலாரத்துக்குக் காது கொடுத்தேன். ஒழுங்கையில் எல்லாச் சமையலறையிலும் வெளிச்சம். ஓர் அடுப்பும் எரியவில்லை. ஏழு மணி ஆனது. ரோசா அக்காவின் யன்னலிலும் வெளிச்சம் இருந்தது, சத்தம் இல்லை. ஏழரை ஆனது. போன் அடித்தோம், எடுக்கவில்லை.

"இவ்வளவு பிந்த மாட்டாவே" என்றாள் வசந்தி.

நான் சப்பாத்தை மாட்டத் தொடங்கினேன். கீழ்வீட்டுப் படியில் பத்மாவின் மருமகன் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டுக் கதவும் திறந்தது. ஒரு சப்பாத்து போட்டு மற்றதற்குக் குனிந்தபோது, அலாரம் கத்தியது.

ஒழுங்கைக்குக் குறுக்கே பின்கதவு திறந்தது. ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு, புகைக்கு நடுவில், மேல்கோட்டுப் போடாமல், ரோசா அக்கா.

"ஏன் எல்லாரும் படியில நிக்கிறியள்?" என்று கத்தினாள். "பொங்கீட்டுது! கிழக்குப் பக்கம்தான்! போய் உங்கட அடுப்பை மூட்டுங்கோ!"

வசந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு திருகைத் திருப்பினாள்.